படத்தில் வந்த அப்பா

சினிமா டைரக்டர் வந்தபோது அவள் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு பெரியவரின் காதுகளுக்குள் ஒலிகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம், கனத்த கதவு சாத்திய சின்ன அறைக்குள், பெரியவர் தலையில் ஹெட்போனும் கையில் பொத்தானுமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் நிறுத்தாமல் அழுத்தினார். அவள் எதையும் அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தபோதும் அழுத்தினார். இப்படி வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று அழுத்துகிறவர்கள் இல்லை. கேட்டுவிட வேண்டும் என்று அத்தனை ஆசை. ஆசை முற்றிப்போனால் காதுக்குள் தானாகவே மணி அடிக்கத் தொடங்கிவிடும். அவள் கதவைத் திறந்து, "ஐயா, அவசரமே இல்ல. கேட்டா மட்டும் அழுத்துங்க. கேக்கலன்னா சும்மா இருங்க, யாரும் திட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

இருபது வருடங்களாக அந்த மருத்துவமனையில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறையில், அவளுக்கு இதுதான் வேலை. நோயாளிகள் 'காது மேடம்' என்பார்கள். காது மேடத்துக்கே ஒரு காதுதான் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தினமும் காலையில், முதல் ஆள் வருவதற்கு முன், கருவி சரியாக இருக்கிறதா என்று தன் காதிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். ஹெட்போனின் வலது பக்கத்தை வலது காதில் வைத்துக் கேட்பாள். பிறகு அதைத் திருப்பிப் பிடித்து, இடது பக்கத்தையும் அதே வலது காதில் வைத்துக் கேட்பாள்.

பெரியவர் போனதும் டைரக்டரை உள்ளே கூப்பிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பணிவான ஆள். மூன்று மாதமாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மணிக்கணக்கில் கதை கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பாவின் வாழ்க்கையைத்தான் படமாக எடுக்கப்போகிறார். உயிரோடு இருந்தவரை, மனுஷ உருவம் ஒன்றுகூட வரையத் தெரியாமல் சுவரளவு துணியில் வர்ணத்தைப் பூசுகிற குடிகாரர் என்றுதான் அப்பாவைத் தெருவுக்குத் தெரியும். செத்துப் பதினாறு வருடத்தில் அவரைப் பற்றி நாலு புத்தகங்கள் வந்துவிட்டன. மியூசியத்தில் ஓர் அறை முழுக்க அவர்தான். இப்போது சினிமா.

"அம்மா கையெழுத்து போட்டுட்டாங்க அக்கா. உங்களோடது மட்டும்தான் பாக்கி" என்று டைரக்டர் கடிதத்தை நீட்டினார். ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம். அவள் போடாவிட்டால் படம் நகராது.

"போடறேன். ஆனா ஒரு விஷயம் சொல்லணும். அத நான் சொன்னபடியே எடுக்கறதா இருந்தா போடறேன்."

சாப்பாட்டு நேரம். வெளியே பெஞ்சு முழுக்க ஆட்கள். பேச வேறு இடமில்லாமல் அவரைச் சத்தம் புகாத அறைக்குள் அழைத்துப்போய், நோயாளியின் நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். முப்பத்திநாலு வருடத்தில் கணவனாக இருந்தவனிடம்கூட முழுதாகச் சொல்லாததைச் சொன்னாள்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குத் துணி ஆலையில் வேலை. தைத்து வருகிற சட்டைகளில் குறை பார்த்து ஒதுக்கும் பிரிவு. கப்பல் ஏற்றும் வாரத்தில் காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அப்படி ஒரு வாரத்தில் இவளுக்குக் காதுவலி வந்தது. அப்பா எட்டு மாதமாக ஒன்றும் வரையாமல் வீட்டில் இருந்தவர். அந்த வாரம்தான் அவருக்கு வேலை ஓடியது. முன்னறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கான்வாஸ். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு இவளை டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றாள். அவர் திரும்பாமலே "சரி" என்றார். கூட்டிப்போகவில்லை. உள்ளறையில் பாயில் கிடந்து இவள் அழுதால் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். இன்னும் அழுதால் இன்னும் சத்தமாக வைத்தார். ஒரே ஒரு தடவை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம்ளரில் அவருடைய ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. அம்மா வந்து கேட்டால், "காட்டியாச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்னார்" என்று சொன்னார். மூன்று நாள் இப்படியே போனது. நாலாவது நாள் தலையணையில் சீழைப் பார்த்த அம்மா, ஒன்பது வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினார். சீழ் எலும்பு வரைக்கும் போயிருந்தது. அறுத்துச் சுத்தம் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். காது போனது போனதுதான்.

"அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தாரா அக்கா?"

"இல்ல. பெயிண்ட் காயறதுக்குள்ள தூசி விழுந்துடும்னு வீட்லயே இருந்தார்."

அப்பா தன் ஓவியங்களுக்குப் பெயர் வைத்ததில்லை, எண்தான் போடுவார். அது நாற்பத்தொன்று. அவர் இறந்த பிறகு, காட்சிக்கூடம் வைத்திருந்தவர் அதற்குக் 'காய்ச்சல்' என்று பெயர் வைத்தார். யாருடைய காய்ச்சல் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் முப்பது வயதில் ஒருமுறை தனியாகப் போய் மியூசியத்தில் அதைப் பார்த்தாள். அத்தனை நீலம், நடுவில் அழுக்கு மஞ்சளாக ஒரு கீறல். காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்கிறவரை நின்றிருந்தாள். ஓவியம் நன்றாக இருந்தது. குப்பையாக இருந்திருந்தால் அவள் அவரை எப்போதோ மன்னித்திருப்பாள்.

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். "இதுதான் அக்கா படத்தோட உயிர். சத்தியமா எடுக்கறேன்" என்றார். அவள் கடிதத்தைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

படப்பிடிப்பு தொடங்கியதும் அம்மாவுக்குக் காலை எட்டு மணிக்குக் கார் வந்தது. வீட்டில் எது எங்கே இருந்தது, அவர் எப்படி உட்காருவார், எந்தக் கையில் கண்ணாடித் தம்ளரைப் பிடிப்பார் என்றெல்லாம் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டுமாம். முப்பது வருடம் நின்றே வேலை பார்த்து அம்மாவின் கால் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்துப்போயிருந்தன. கடைக்குப் போய்விட்டு வந்தாலே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறவள், கார் வருவதற்கு அரைமணி முன்பே தலைசீவிப் பவுடர் போட்டு வாசலில் நின்றாள். சாயங்காலம் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். "அடுப்பைக் கொண்டுபோய் சன்னலுக்குக் கீழ வச்சிருக்கானுங்கடி. காத்துல அணைஞ்சுடாதா? நல்லா கேட்டுட்டேன், பத்து பேர் ஓடிவந்து மாத்தினானுங்க" என்றாள். தன் சொல்லுக்குப் பத்து பேர் ஓடுவது அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

ஒருநாள் இவளும் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். அவர்கள் இருந்த வீட்டைப் பெரிய கொட்டகைக்குள் கட்டியிருந்தார்கள். அச்சு அசல் அதே வீடு, ஆனால் எல்லாம் ஒன்றரை மடங்கு பெரிது. முன்னறையில் இல்லாத சன்னல் ஒன்று இருந்தது, அதன் வழியாக இல்லாத வெயில் விழுந்தது. நடிகர் அழுக்குச் சட்டையில் அப்பாவாக நின்றார். முகம் ஒட்டவே இல்லை. ஆனால் இருமினார் பாருங்கள், அடித்தொண்டையிலிருந்து இரண்டு, பிறகு ஒரு இடைவெளி விட்டு ஒன்று, அந்த இருமலைக் கேட்டதும் நாற்காலியில் இருந்த அம்மா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். டைரக்டர் "கட்" சொன்னதும் நடிகர் நேரே அம்மாவிடம் வந்தார். "சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டுக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். படி இறங்கும்போதும் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அப்பாவின் சட்டை, அப்பாவின் தாடி, அப்பாவின் இருமல். அந்தக் கை மட்டும் யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவோ பழக்கப்பட்டவள் போல அந்தக் கையில் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதம் கழித்து, படம் வெளிவருவதற்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம் வேண்டியவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். முப்பது இருக்கைகள் உள்ள சின்ன தியேட்டர். அம்மா எப்போதும் போல அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். முதல் ஒரு மணி நேரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடி இருந்தது, கத்தல் இருந்தது, பாத்திரங்கள் பறந்தன. பிறகு காதுவலி வந்தது. அம்மாவாக நடித்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். உள்ளறையில் சிறுமி முனகினாள். தூரிகையோடு நின்ற நடிகர் திரும்பிப் பார்த்தார். அவர் கை ரேடியோவை நோக்கிப் போனது. அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கை ரேடியோவை அணைத்தது.

தூரிகை தரையில் விழுந்தது. அவர் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். மழை. பஸ் இல்லை. நடந்தார். அவர் கையிலிருந்த நீலம் மழையில் கரைந்து சிறுமியின் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "நல்லவேளை, இன்னும் ஒருநாள் விட்டிருந்தா காது போயிருக்கும்" என்றார். கட்டில் பக்கத்தில் அவர் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சிறுமி கண்ணைத் திறந்து, "அப்பா, மழை சத்தம் கேக்குது" என்றாள். பிறகுதான் அவர் வீட்டுக்குப் போய், ஒரே மூச்சில், வயலின்கள் முழங்க, நாற்பத்தொன்றை வரைந்து முடித்தார்.

படத்தில் அவளுக்கு இரண்டு காதும் கேட்டது.

தியேட்டரில் மூக்கை உறிஞ்சும் சத்தங்கள். பக்கத்தில் அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் டைரக்டர் இவளை எதிர்பார்த்து நிற்பவர்போல நின்றிருந்தார். அவள் கத்தவில்லை. "சத்தியம் பண்ணினீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"எடுத்தேன் அக்கா. நீங்க சொன்ன மாதிரியே, ரேடியோ, தம்ளர், எல்லாம் எடுத்தேன். நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். அதுக்கப்புறம் அந்த ஆளை யாராலயும் பாக்கவே முடியல அக்கா. படம் அங்கேயே செத்துப்போச்சு. இன்னும் ஒரு மணி நேரம் அவர்கூட ஜனங்க உக்காரணும்ல?"

"நாங்க அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் உக்காந்திருந்தோமே" என்றாள்.

டைரக்டர் காகிதக் கோப்பையைப் பார்த்தபடி நின்றார். யாரோ வந்து அவரைக் கட்டிப்பிடித்து, "பிரமாதம், அழ வச்சுட்டீங்க" என்றார்கள். அவர் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் விழித்தார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்து கட்டிலில் போட்டு மடிக்கத் தொடங்கினாள். மூக்கு இன்னும் சிவந்திருந்தது. முகத்தில் ஒரு களை. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் போல இருந்தாள்.

"எப்படி அழுதே நீ" என்றாள் இவள்.

"அழுகை வந்துச்சு, அழுதேன்."

"என்னைத் தூக்கிட்டுப் போனது நீ. ரெண்டு பஸ் மாறி. உன் தோள்ல சீழ் ஒட்டியிருந்துச்சுன்னு நீதான் சொல்லியிருக்கே. அத எடுத்து அந்த ஆளுக்குக் கொடுத்துட்டாங்கம்மா. நீ செருப்பு மாட்டிட்டுப் போறவளா நிக்கற. உனக்குக் கோவமே வரலையா?"

அம்மா ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, மூலைகளை இழுத்துச் சரிசெய்தாள். "செருப்பு மாட்டிட்டுப் போனது நான்தானே" என்றாள்.

"அது வேலைக்கு. அப்பா டாக்டர்கிட்ட காட்டியாச்சுன்னு உன்கிட்ட பொய் சொன்னார். உன்னை ஏமாத்தினார்."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். "மருந்து பாட்டில் இல்லடி" என்றாள்.

"என்ன?"

"டாக்டர்கிட்ட காட்டினா மருந்து குடுப்பாங்கல்ல? வீட்டுல பாட்டிலும் இல்ல, மாத்திரையும் இல்ல. மொத நாளே பாத்தேன். எங்கன்னு கேக்கல. கேட்டா அவர் இல்லன்னு சொல்லுவார். சொன்னா அடுத்த நாள் நான் லீவு போடணும். அந்த வாரம் லீவு போட்டவங்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிட்டிருந்தாங்க." அம்மாவின் குரல் சட்டையில் குறை சொல்கிறவளின் குரலாகத் தட்டையாக இருந்தது. "மூணு நாளும் தெரியும். தெரியாத மாதிரி படுத்துத் தூங்கினேன்."

இவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முப்பத்திநாலு வருடமாக அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் ஏமாற்றப்பட்ட அம்மாவும் அவளும். அந்தக் கணக்கை நம்பித்தான் அவள் இந்த வீட்டில் அம்மாவோடு இருந்தாள். நாலு வருடத்தில் முடிந்துபோன கல்யாணத்திலிருந்து நேராக இந்த வீட்டுக்குத்தான் பெட்டியோடு திரும்பி வந்தாள். எத்தனையோ தடவை அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துவிடும்போது மனசுக்குள், பாவம் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எதைக் கேட்பது என்று தெரியாமல், "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"நீ கேக்கல. எனக்கும் சொல்லத் தோணல. நீ எம்மேல பிரியமா இருந்தே. அத எதுக்குக் கெடுக்கணும்?" அம்மா மறுபடி ஒரு துணியை எடுத்தாள். "நான் தூக்கினது நாலாவது நாள். அந்தப் படத்துல அவர் மொத நாளே தூக்கிட்டார். அந்தப் புள்ளைக்குக் காது கேக்குது. மழை சத்தம் கேக்குதுன்னு சொல்லுது. எனக்கு அது போதும்டி. அவர் பேர் வாங்கிட்டுப் போகட்டும், நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். காது கேக்குதுல்ல?"

"எனக்குக் கேக்கலம்மா" என்றாள் அவள்.

அம்மா துணிகளை மடித்து அடுக்கி, அவளுடையதைத் தனியாகவும் தன்னுடையதைத் தனியாகவும் பிரித்து வைத்துவிட்டு, விளக்கைப் போட எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு இருவரும் வழக்கம்போலவே பேசிக்கொண்டார்கள். பால் வாங்கியாச்சா, குடை எடுத்துக்கிட்டியா. காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் நிற்கவில்லை. அவள் பேசாமல் தேய்த்தாள், அம்மா பேசாமல் காலைக் கொடுத்தாள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அம்மா புதுப் புடவைகளை வெளியே எடுத்தாள். "கோவக்காரர்தான். ஆனா புள்ளைன்னா உசுரு. மழைன்னும் பாக்காம தூக்கிட்டு ஓடினார்" என்று அவர்களிடம் சொன்னது அடுத்த அறையிலிருந்த இவளுடைய வலது காதில் விழுந்தது. முதல் தடவை தடுமாறித்தான் சொன்னாள். மூன்றாவது ஆள் வந்தபோது, எந்தத் தெரு வழியாக ஓடினார் என்பதுகூட அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

படம் வெளியான அன்று போகக் கூடாது என்றுதான் இருந்தாள். பெரிய தியேட்டர், படிகள் அதிகம், அம்மாவால் தனியாக ஏற முடியாது. அதனால் போனாள். உள்ளே போகாமல் வெளிக்கூடத்திலேயே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆளுயர விளம்பரங்களில் நடிகர் நீலக் கையோடு நின்றார். காட்சி முடிந்து கதவுகள் திறந்ததும் கூட்டம் அம்மாவைச் சூழ்ந்துகொண்டது. முன்பின் தெரியாத பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஒரு சிறுமி கூட்டத்திலிருந்து பிரிந்து இவளிடம் வந்தாள். படத்தில் நடித்த பிள்ளை. எட்டு, ஒன்பது வயது இருக்கும். நேரில் பார்க்கையில் இன்னும் சின்னதாக இருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"நீங்கதானே நெஜமான நான்?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. "ஆமா. ரொம்ப நல்லா நடிச்சியாமே?"

"ஒரு சீன்ல நான் நடிக்கவே இல்ல ஆன்ட்டி. அங்கிள் என்னைத் தூக்கிட்டு மழையில நடந்தாரே, அது ஏழு டேக் போச்சு. தண்ணி சுடுதண்ணியா ஊத்தினாங்க. எனக்கு நெஜமாவே தூக்கம் வந்துருச்சு. கட் சொன்னதுக்கப்புறமும் அங்கிள் இறக்கிவிடல. எழுப்ப வேணாம்னுட்டு அப்படியே தூக்கி வச்சிட்டே நின்னாராம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. நான் தூங்கிட்டேனே" என்றாள் சிறுமி, இதுகூடவா தெரியாது என்பது போல.

அவள் வேறு ஏதோ கேட்க நினைத்தாள். தோள் எப்படி இருந்தது என்றோ, சட்டையில் பெயிண்ட் வாசனை அடித்ததா என்றோ. அதற்குள் யாரோ சிறுமியைக் கூப்பிட்டார்கள். சிறுமி தன் மேல்கோட்டைக் கழற்றி, "கொஞ்சம் வச்சிருங்க ஆன்ட்டி" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். போட்டோ எடுக்கிறவர் விளம்பரத்தின் முன்னால் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். நடுவில் அம்மா, பக்கத்தில் நடிகர். அவர் சிறுமியைத் தூக்கிக்கொண்டார்.

"மேடம், நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடறீங்களா?" என்று போட்டோக்காரர் அவளைப் பார்த்துச் சொன்னார். "ஃபேமிலி மட்டும் ஒண்ணு எடுத்துக்கறேன்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விளக்கு பளிச்சென்று அடித்தது. இவள் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி இரண்டடி தள்ளி நின்றாள். கோட்டின் உட்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நடிகரின் தோளில் ஏறியதும் சிறுமி, யாரும் சொல்லாமலே, பழகிய இடம் போலக் கன்னத்தை அங்கே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய ஒரு கால் செருப்பு நழுவி, பெருவிரலில் மட்டும் தொங்கி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.